ராமநாதபுரம் கடற்கரை ஊர்ப்பெயர்கள்: அரபி, சீனம், போர்த்துக்கீசியம், கிரேக்கம் – எதை எப்படிச் சரிபார்ப்பது?

பனைக்கரை (கேள்வி)

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை உள்ள கடற்கரை ஊர்ப்பெயர்களுக்கு ஊர் நூலகத்தில் வைக்க ஒரு சிறு கையேடு தயாராகிறது. ஒவ்வோர் ஊருக்கும் நாலு கட்டம்: இன்றைய பெயர், பழைய பெயர், வெளிநாட்டார் எழுதிய பெயர், பொருள். முதல் கட்டம் மட்டும்தான் தகராறில்லாமல் நிரம்புகிறது.

14-ம் நூற்றாண்டு அரபிப் பயணி இபின் பதூதா சொன்ன 'ஃபத்தன்', சீனர் சொன்ன 'தா-பாதான்' இரண்டையும் பெரியபட்டினம் என்றே பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே சரியா, எந்த ஆதாரத்தில்? கீழக்கரை, வேதாளை இரண்டுக்கும் போர்த்துக்கீசியர் கொடுத்த பெயர்கள் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறியிருக்கின்றனவே, அவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது? பவித்திரமாணிக்கப்பட்டினம் என்ற பழைய பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்க்காரர்கள் தங்களுடையது என்கிறார்கள். தனுஷ்கோடிக்கு 'வில்லின் நுனி' என்று போட்டால் போதுமா?

புராணக் கதைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. எது கதை, எது ஆவணம் என்று பிரித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தொல்லெழுத்து

பெரியபட்டினத்தில் தொடங்குவோம். அதை ஒழுங்காகப் பிரித்துவிட்டால் மற்ற ஊர்களுக்கும் அதே வழிதான்.

வெளிநாட்டார் எழுதிய பெயர் கையில் கிடைத்ததும் பொருள் தேடக் கூடாது. அந்த எழுத்துமுறையில் என்ன ஒலி இல்லை என்று முதலில் பாருங்கள். அரபியில் 'ப' கிடையாது. வெளியூர்ப் பெயரில் 'ப' வந்தால் 'ஃப' ஆக்குவார்கள், இல்லாவிட்டால் மெல்லிய 'ப' (பாம்பு என்ற சொல்லில் இரண்டாவதாக வரும் 'ப'வின் ஒலி) ஆக்குவார்கள். 'பட்டன்' என்று காதில் விழுந்தது 'ஃபத்தன்' ஆனது இப்படித்தான். நம் 'ட'வுக்கும் அங்கே சரியான இணை இல்லை, 'த' போட்டுவிட்டார்கள். இன்னொன்று, அரபியில் குறில் உயிரொலிகளை எழுதுவதில்லை. ஏட்டில் இருப்பது ஃப்-த்-ன் என்ற மூன்று மெய்கள்தாம், மீதியைப் படிப்பவர் நிரப்பிக்கொள்கிறார். எழுத்துகளை வேறுபடுத்துவது மேலும் கீழும் வைக்கும் புள்ளி. ஒரு புள்ளி வைத்தால் 'ஃப', இரண்டு வைத்தால் தொண்டையிலிருந்து வரும் 'க'. படியெடுத்தவர் புள்ளியை விட்டாலோ கூட்டினாலோ ஊரே மாறிவிடும். ஆகவே அரபிப் பெயரை எடுக்கும்போது 'அச்சுப் பதிப்பில் இப்படி' என்று குறித்துக்கொள்ளுங்கள், 'இபின் பதூதா இப்படி உச்சரித்தார்' என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது வேலை, பெயரைப் பொதுப்பகுதி, சிறப்புப்பகுதி என்று வெட்டுவது. 'பட்டினம்' பொதுப்பகுதி, கடலோர வணிக ஊர் என்று மட்டும் பொருள். இபின் பதூதா கொடுத்திருப்பது பொதுப்பகுதியை மட்டும்தான். 1340-களில் அவர் இந்தக் கரைக்கு வந்தபோது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. ஃபத்தன் பெரிய, அழகிய துறைமுக ஊர் என்கிறார். சோழமண்டலக் கரை நெடுகப் பட்டினங்கள் இருக்கும்போது வெறும் 'பட்டினம்' என்ற சொல்லை வைத்து எந்த ஊர் என்று முடிவுகட்ட முடியாது. தேவிபட்டினம் என்பாரும் உண்டு, நாகப்பட்டினம் என்பாரும் உண்டு. பெரியபட்டினம் என்பதற்குப் பலம் பெயரில் இல்லை, மண்ணில் இருக்கிறது: ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா குழுவினர் 1980-களில் அங்கே ஆய்வு செய்தபோது 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்தக் காலத்தில் அது பெரிய துறைமுகம் என்பதற்கு அது போதும். கையேட்டில் 'ஃபத்தன் – பெரியபட்டினமாக இருக்கலாம்' என்று போடுங்கள். 'லாம்' முக்கியம்.

சீனப் பெயர் வேறு கதை. வாங் தாயுவான் 1349-ல் எழுதி முடித்த தீவுநாடுகள் பற்றிய நூலில் 'தா-பாதான்' வருகிறது. 'தா' என்று எழுதும் சீன எழுத்துக்கு 'பெரிய' என்று பொருள். 'பாதான்' பொருளுக்காக எழுதியதல்ல, ஒலிக்காக எழுதியது. பெயரின் முதல் பாதியை மொழிபெயர்த்து, மறுபாதியைக் காதால் கேட்டபடி எழுதியிருக்கிறார். 'பா' என்று இன்றைய வடசீன உச்சரிப்பில் சொல்லும் எழுத்து, தென்சீனப் பேச்சில் இன்றும் 'பாத்' என்று 'த்'தில் முடியும். சீனக் கப்பல்கள் புறப்பட்ட சுவான்சௌ துறைமுகம் தென்சீனத்தில்தான் இருக்கிறது. அந்த நாவில் பாத் + தான் = பாத்தான். 'பட்டன்' என்பதன் இரட்டை 'ட்ட' அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பை வைத்துக்கொண்டு 'பாதான் எங்கே, பட்டினம் எங்கே' என்று கேட்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்.

அதே நூலில் 'தா' இல்லாத வெறும் 'பாதான்' தனியாக வருகிறது. அங்கே மண்ணும் செங்கல்லும் கொண்டு கட்டிய கோபுரம் ஒன்று இருப்பதாகவும், அதில் சீன எழுத்தில் 1267-க்கு ஒத்த ஆண்டு பொறித்திருந்ததாகவும் சொல்கிறார். அது நாகப்பட்டினம். 19-ம் நூற்றாண்டில் இடிக்கப்படும்வரை கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற கட்டடத்தோடு அதைப் பொருத்துகிறார்கள். இன்னொரு 'பாதான்' வேறு முன்னொட்டோடும் வருகிறது. ஆக, 'பாதான்' அவருக்கும் பொதுச்சொல்தான். 'தா' சேர்ந்தது மட்டும் பெரியபட்டினத்துக்கு. என் கணக்கில் மொத்தக் கடற்கரையிலும் இதைவிட உறுதியான வெளிநாட்டுப் பெயர் அடையாளம் இல்லை.

கீழக்கரை காக்கா

தொல்லெழுத்து அண்ணன் சொன்ன வழியிலேயே போர்த்துக்கீசியப் பெயர்களுக்கு வருகிறேன்.

கீழக்கரை, 16-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கே வந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா எழுத்தில் 'கிலிகாரெ'. போர்த்துக்கீசியத்தில் 'சி' எழுத்து 'இ'க்கு முன் வந்தால் 'ஸி' என்று ஒலிக்கும். அதனால் 'கி' ஒலி வேண்டுமென்றால் க்யூ, யூ, ஐ என்று மூன்று எழுத்து போடுவார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் படிப்பவர் அதைக் 'குயிலி' என்று வாசித்து, 'குயிலிக்கரை' என்று தமிழில் எழுதி, குயில் கூவும் கரை என்று பொருளும் சொல்லிவிடுவார். அந்தப் பள்ளத்தில் விழ வேண்டாம். 'ழ' அவர்களிடம் இல்லாததால் 'ல'. நெடில் 'கீ'யும் இரட்டை 'க்க'வும் போய்விட்டன. கடைசி 'ரை' என்பது 'ரெ' ஆனது அவர்கள் பிழை அல்ல: நம் பேச்சிலேயே 'கரெ' என்றுதானே வருகிறது? எழுத்தைப் பார்க்காமல் வாயைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. (பர்போசா அங்கே ஆண்ட அரசனைப் பற்றி ஒரு கொடூரமான வழக்கம் எழுதியிருக்கிறார். இணையத்தில் கிலிகாரெ என்று தேடினால் அதுதான் முதலில் வரும். பெயர்க் கையேட்டுக்கு அது தேவையில்லை.)

பொருள்: கீழ் = கிழக்கு. தமிழ்நாட்டு நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிவதால் மேல், கீழ் என்ற சொற்களே திசைப்பெயர் ஆயின. கீழத்தெரு, மேலத்தெரு போல. 'தாழ்ந்த கரை' என்று எழுதுவது தவறு. இந்தப் பகுதிக்குக் கல்வெட்டுகளில் கீழ்ச்செம்பிநாடு என்று பெயர் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள், அங்கேயும் அதே 'கீழ்'.

வேதாளை, போர்த்துக்கீசிய ஆவணங்களில் 'பெயதாலா'. 1538-ல் மார்த்தீம் அஃபோன்ஸோ தெ சௌஸாவின் படை கோழிக்கோட்டு சாமூதிரியின் கப்பற்படையை முறியடித்த இடம் என்பதால் இந்தப் பெயர் அவர்கள் ஏடுகளில் நிறைய வரும். 'வ' 'ப' ஆகியிருக்கிறது. கிலிகாரெயில் 'ரை' என்பது 'ரெ', இங்கே 'ளை' என்பது 'லா'. ஆகவே கடைசி எழுத்துக்கு விதி ஒன்றை உருவாக்கி மற்ற ஊர்களுக்குப் பொருத்தாதீர்கள், முதலெழுத்து மாற்றங்களை மட்டும் ஓரளவு நம்பலாம். வேதாளைக்குச் சேது மகாத்மியத்தில் வரும் வேதாளவரத தீர்த்தத்தோடு தொடர்பு சொல்வார்கள். அது தலபுராணக் கட்டத்துக்கு.

பவித்திரமாணிக்கப்பட்டினம் பற்றி. திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள 13-ம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டில், கீழ்ச்செம்பிநாட்டுப் பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு நிலம் விட்ட செய்தி வருகிறது. இங்கே 'பள்ளி' என்றால் மசூதி. பள்ளிக்கூடம் என்று எழுதி அச்சுக்கே போன பிரசுரங்கள் உண்டு. பழைய தமிழில் சமணர் இருப்பிடமும் பள்ளி, நம் ஊரில் இன்றும் தொழப் போவது பள்ளிக்கு. சோனகர் என்பது யவனர், யோனகர் வழியாக வந்த சொல் என்பது பெரும்பாலோர் கருத்து. மேற்கிலிருந்து கடல்வழி வந்தவர்களுக்குப் பொதுப்பெயர், பிறகு முஸ்லிம் வணிகருக்கு.

எந்த ஊர் என்பதில் பெரியபட்டினத்துக்குத்தான் ஆய்வாளர் ஆதரவு அதிகம். கீழக்கரை, ஏர்வாடி இரண்டுக்கும் உள்ளூர் மரபு உண்டு. சிக்கல் என்னவென்றால் கல்வெட்டு இருக்கும் கோயில் வேறு, அது பேசும் பட்டினம் வேறு. இப்படி இருக்கும்போது கல்வெட்டில் நிலத்துக்குச் சொல்லியிருக்கும் நாலெல்லைகளை எடுத்து, அதில் வரும் குளம், ஏந்தல், பக்கத்து ஊர்ப்பெயர்களில் இன்றும் வழங்குவது எது என்று தேட வேண்டும். பெருநாற்கெல்லையைப் படிக்காமல் தலைப்பு வரியை மட்டும் படிப்பதால்தான் சண்டை. கையேட்டில் மூன்று ஊருக்கும் குறிப்புப் போட்டு, 'கல்வெட்டு: திருப்புல்லாணி' என்று ஒரே மூலத்தைக் காட்டினால் போதும்.

ஏர்வாடிக்கு 'யத்ரிப்' (மதீனாவின் பழைய பெயர்) திரிந்து வந்தது என்று ஒரு விளக்கம் தர்கா வழக்கில் இருக்கிறது. மரியாதையோடு பதியுங்கள், ஆனால் 'மரபு' என்று பதியுங்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் கடலே இல்லாத இடத்தில் இன்னோர் ஏர்வாடி இருக்கிறது. பாடி, வாடி என்ற தமிழ் ஈறு இரண்டுக்கும் பொருந்தும். நம் கரையில் சங்குவாடி, கருவாட்டு வாடி என்று கொட்டகை போட்ட இடத்துக்கும் வாடிதான்.

மரக்காயர்பட்டினத்தை மறந்துவிடாதீர்கள். மரக்கலத்திலிருந்து மரக்காயர் என்பது ஒரு பக்கம், கப்பலுக்கான அரபிச் சொல் 'மர்கப்' என்பதிலிருந்து என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் போடுங்கள். இரண்டுமே கப்பலில்தான் போய் நிற்கின்றன.

நெய்தல்வாசி

தொண்டிக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். கிரேக்கரின் 'திண்டிஸ்' என்று கண்டதும் நம் தொண்டிக்குப் போட்டுவிடாதீர்கள். அது மேற்குக் கரையில் இருந்த சேரர் தொண்டி. பெரிபுளுஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் அதை முசிறிக்கு வடக்கே வைக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் தொண்டியிலும் பெரும்பாலானவை அதுதான். கிழக்குத் தொண்டிக்கு வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைக் காட்டலாம்: 'வங்க ஈட்டத்துத் தொண்டியோர்' அனுப்பிய அகிலும் துகிலும் மணத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் மதுரைக்குள் வருகிறது. கொண்டல் கீழ்க்காற்று. மேற்குக் கரைத் தொண்டியிலிருந்து கீழ்க்காற்று மதுரைக்கு வராது.

சேதுநிலை

தனுஷ்கோடியைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

'வில்லின் நுனி' மட்டும் போட்டால் வரலாற்றில் பாதி போய்விடும். சமஸ்கிருதத்தில் தனுஸ் வில், கோடி வில்லின் வளைந்த முனை. சரி. ஆனால் அகநானூறு 70-ம் பாடலில் இந்த இடம் 'தொன்முது கோடி' என்று வருகிறது. கவுரியர், அதாவது பாண்டியரின் கோடி. இராமன் ஆலமரத்தடியில் பேச உட்கார்ந்தபோது பறவைகளின் ஒலியை அடக்கிய செய்தியைப் பாடல் உவமையாகச் சொல்கிறது. இராமன் இருக்கிறார், வில் இல்லை. அங்கே அது வெறும் கோடி, நிலம் முடியும் இடம். தெருக்கோடி என்கிறோமே, அந்தக் கோடி. கோடிக்கரையிலும் அதேதான். அந்தப் பாடலே 'தொன்முது' என்று அடை கொடுக்கிறது என்றால் அப்போதே அது பழைய பெயர்.

இதற்கு வெளிச்சாட்சி 2-ம் நூற்றாண்டுக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி. அவர் 'கோரு' என்று ஒரு முனையையும் தீவையும் இந்தக் கடலில் குறிக்கிறார். கிரேக்கத்தில் 'ட' ஒலி கிடையாது. இரண்டு உயிருக்கு நடுவே நாக்கை மடித்துச் சொல்லும் 'ட' அவர்கள் காதில் 'ர' போல விழும். கோடி → கோரு. கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லப்படும் பொருத்தம் இது. 'ழ'வையும் அவர்கள் 'ர' ஆக்கினார்கள், சோழர் 'சோரை' ஆனது அப்படித்தான். ஆகவே கிரேக்கப் பெயரில் 'ர' வந்தால் ட, ழ, ர மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். கையேட்டில் வரிசை இப்படி இருக்கட்டும்: கோடி (சங்கப்பாடல்), கோரு (தாலமி), பிறகு தனுஷ்கோடி. முன்னொட்டு பின்னால் வந்தது.

ராமேசுவரத்துக்குத் தேவாரத்தில் 'இராமேச்சுரம்'. 'ஸ்வ' என்ற கூட்டு தமிழில் 'ச்சு' ஆகும், 'ர' சொல்லுக்கு முதலில் வராததால் 'இ' முன்னே நிற்கும். இது திரிபு அல்ல, தமிழ் இலக்கணம் கேட்கும் வடிவம். போர்த்துக்கீசியர் எழுதிய 'ரமனன்கோர்' இந்தப் பெயரிலிருந்து வரவில்லை. அது இராமன் கோயில், கடைசி 'ல்' 'ர்' ஆகியிருக்கிறது. ஊரார் பேச்சில் 'கோயிலுக்குப் போறோம்' என்பதுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கும். ஒரே ஊருக்கு இரண்டு மூலம். 'ராமேசுவரம் → ரமனன்கோர்' என்று அம்புக்குறி போட்டால் தப்பு.

'சேது'வுக்குப் பாலம் என்று மட்டும் பொருள் எழுதுகிறார்கள். கட்டு, அணை, நீருக்குக் குறுக்கே போட்ட கரை என்பதே அடிப்படைப் பொருள். தமிழில் 'திருவணை' என்று சொன்னவர்கள் சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறார்கள். சேதுபதிகளின் பட்டத்திலும், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் பொறித்த 'சேது'விலும் நிற்பது இதே சொல். 'ஆதாம் பாலம்' மொழிபெயர்ப்பு அல்ல. ஆதம் நபி செரந்தீபில், இலங்கையில், இறங்கினார் என்ற முஸ்லிம் மரபிலிருந்து வந்து, ஐரோப்பிய வரைபடங்களில் ஏறிய பெயர். வேறு மூலம், வேறு வரி.

அரபியர் இந்தக் கரை முழுவதற்கும் வைத்த பெயர் 'மஅபர்'. கடக்கும் இடம், துறை என்று பொருள். கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை மஅபர் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். மார்க்கோ போலோ 'மாபார்' என்றார், சீன அரசு ஏடுகளில் 'மா-பா-அர்'. இங்கே சீனர் தமிழைக் கேட்கவில்லை, அரபியைக் கேட்டிருக்கிறார்கள். பெரியபட்டினத்தில் தமிழைக் கேட்டிருக்கிறார்கள். ஒரே நாட்டார், ஒரே நூற்றாண்டு, இரண்டு வழி.

திருப்புல்லாணியும் பாருங்கள். புல் + அணை, புல்படுக்கை. திருமங்கையாழ்வார் பாட்டிலேயே 'புல்லாணி' இருக்கிறது. 'தர்ப்பசயனம்' அதே பொருளின் சமஸ்கிருத வடிவம். 'புல்லாரண்யம்' என்றும் எழுதுவார்கள்: தமிழ் 'புல்'லை அப்படியே வைத்துக்கொண்டு, மீதி 'ஆணி'யை ஆரண்யமாக ஆக்கியது. பொருள் புரியாமல்போன ஈற்றுக்கு ஒலியொத்த சொல்லைப் போர்த்துவது தலபுராணங்களின் வழக்கமான வேலை. கண்டுபிடிக்க எளிது, பாதித் தமிழும் பாதி வடமொழியுமாக நிற்கும்.

பனைக்கரை

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அண்ணன்மாருக்கு நன்றி. இன்னும் இரண்டு. உச்சிப்புளி பக்கத்தில் 'வலசை' என்று முடியும் ஊர்களுக்குப் பறவை வலசை என்று பொருள் எழுதலாமா? ஆங்கில வரைபடங்களில் உள்ள பெயர்களை எடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

ஊரணிமேடு

பறவை வேண்டாம். இடம்பெயர்ந்த குடிகள் வந்து உட்கார்ந்த குடியிருப்புத்தான் வலசை. போர், பஞ்சம், வரி என்று ஊரைவிட்டுக் கிளம்புவதை 'வலசை போதல்' என்பது பழைய வழக்கு. பறவைக்கு அந்தச் சொல் இன்று பரவலாகிவிட்டதால் ஊர்ப்பெயரிலும் அதைத் தேடுகிறார்கள். தெலுங்கில் 'வலச' இன்றும் இடம்பெயர்தல்தான், விசயநகரம் மாவட்டத்தில் கொத்தவலச என்று ரயில் சந்திப்பே இருக்கிறது. கொத்த என்றால் புதிய. ராமநாதபுரம் மாவட்டத்துப் புதுவலசையும் அதுவும் சொல்லுக்குச் சொல் ஒரே பெயர். பிரப்பன்வலசை போன்றவற்றில் முன்பகுதி ஆள்பெயரா செடிப்பெயரா என்பதைச் செப்பேடு, பட்டயம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிரம்பு அங்கே விளையுமா என்று யோசித்தாலே பாதி விடை வந்துவிடும்.

ஆங்கில வரைபடத்துக்கு வருகிறேன். பழைய கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) எழுத்தில் 'ஏ-யூ' சேர்ந்து வந்தால் நெடில் 'ஆ'. பாம்பனை 'பி-ஏ-யூ' என்று தொடங்கி எழுதியிருப்பார்கள். 'பௌம்பன்' என்று வாசித்துப் புதுப்பெயர் கண்டுபிடிக்க வேண்டாம். இரட்டை 'ஓ' என்றால் உகரம், இரட்டை 'ஈ' என்றால் இகரம், குறிலா நெடிலா என்று அதிலிருந்து தெரியாது. 'டி' எழுத்து த-வா ட-வா என்பதும் தெரியாது. 'ராம்நாட்' இதற்கு நல்ல உதாரணம். அதைத் திரும்பத் தமிழில் 'ராமநாடு' என்று பிரித்து, இராமனின் நாடு என்கிறார்கள். ராமநாதபுரத்தின் 'நாத'வில் உள்ள மெல்லிய 'த' ஆங்கிலத்தில் 'டி' ஆயிற்று, நடுவில் சில எழுத்தும் வாலும் உதிர்ந்தன, அவ்வளவுதான். 1910-ல் மாவட்டம் அமைந்தபோது அந்தக் குறுக்கமே அரசுப் பெயராக ஏறியது. 'ட்' போட்ட உச்சரிப்பு ஆங்கிலத்திலிருந்து நமக்குத் திரும்பி வந்தது.

தீவுகளில் மொழிபெயர்ப்பால் வரும் தொல்லை தனி. மண்டபத்துக்கு எதிரே முசல் தீவு. தூத்துக்குடியில் முயல் தீவு. முசல் என்பது முயலின் பேச்சு வடிவம். இரண்டுமே ஆங்கிலத்தில் 'ஹேர் ஐலண்ட்'. பவளப்பாறை, கடல்புல் பற்றிய கட்டுரைகளிலிருந்து தகவல் எடுக்கும்போது எந்த ஹேர் என்று பக்கத்துத் தீவின் பெயரை வைத்துப் பாருங்கள்: மனோலி, புள்ளிவாசல், குருசடை என்று வந்தால் மண்டபம் பக்கம், வான், காசுவார், காரைச்சல்லி என்றால் தூத்துக்குடி. நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு இரண்டுக்கும் விளக்கமே வேண்டாம், தண்ணீர் ஏற்றப் போனவர்கள் வைத்த பெயர். குருசடையில் உள்ள 'குருசு' சிலுவைக்கான போர்த்துக்கீசியச் சொல் வழி வந்தது என்பது பொதுவான விளக்கம், சிலுவை நட்ட சிற்றாலயத்துக்குக் குருசடி என்ற பெயர் தென்கரை முழுக்க உண்டு.

இன்றைய எழுத்துக்கூட்டலுக்கு எதை ஆதாரமாக வைப்பது என்று கேட்டால், வருவாய்க் கிராமப் பெயரும் குடியிருப்புப் பெயரும் வேறு என்பதை முதலில் பிரியுங்கள். அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் அடங்கும், மீனவர் குடியிருப்புப் பெயர் அதில் பெரும்பாலும் இருக்காது. 2020-ல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்ட அரசாணையைச் சில இணையதளங்கள் இன்னும் ஆதாரமாகக் காட்டுகின்றன. அது ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பட்டியலை எடுக்காதீர்கள்.

தொல்லெழுத்து

கல்வெட்டு, செப்பேட்டுப் பெயர்களை எடுப்பதற்கும் ஒரு வார்த்தை. பழைய எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் இராது, துணைக்கால் 'ா'வும் 'ர'வும் ஒரே உருவம். பதிப்பாசிரியர் தேர்ந்தெடுத்து வாசித்ததைத்தான் அச்சில் பார்க்கிறோம். ஒரு பெயர் ஒரே ஒரு கல்வெட்டில் மட்டும் வந்து, அதில் 'ர'வோ நெடிலோ முக்கியமாக இருந்தால், மாற்று வாசிப்பையும் பக்கத்தில் போட்டுவையுங்கள். ஆண்டுக்கு என்று தனிக் கட்டம் இல்லாவிட்டால் கையேடு பயன்படாது, அதையும் சேர்த்துவிடுங்கள்.

கீழக்கரை காக்கா

தேவிபட்டினம் விட்டுப்போயிற்று. நவபாஷாணம் என்று போட்டு 'ஒன்பது நஞ்சு' என்று பொருள் எழுதிவிடாதீர்கள். தமிழில் பாஷாணம் நஞ்சு, பழனி மூலவர் சிலைக்கு அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். சமஸ்கிருதத்தில் பாஷாணம் கல். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்பவை நவகிரகமாக வணங்கப்படும் ஒன்பது கற்கள்.

கடல் பெயர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வரைபடத்தில் பாக் நீரிணை, 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர். பாக்கு வணிகத்தோடு சம்பந்தமே இல்லை. பாம்பன், மண்டபம் மீனவர்களுக்கு அது வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். தனுஷ்கோடி முனையில் அமைதியாகக் கிடக்கும் வடபக்கம் பெண்கடல், அலையடிக்கும் தென்பக்கம் ஆண்கடல். தீர்த்தமாட வரும் வடநாட்டு யாத்ரீகருக்கு அதே இரண்டும் மகோததி, ரத்னாகரம். எந்தக் கடலில் எந்த மாதம் காற்று எப்படி என்று பேசும்போது வடகடல், தென்கடல் மட்டும்தான் வாயில் வரும், அதையே தலைப்பெயராக வைத்து மற்றவற்றைக் கீழே எழுதுங்கள்.